பதவியேற்பு விழாவுக்கு முன் ஓர் ஐந்தொகை

நம் ஊர்ச் சேவைச் சங்கத்தின் புதிய தலைவர் அவர்களுக்கும் செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். விழா அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. கல்யாணப் பத்திரிகையைவிடக் கனமாக இருக்கிறது. திறந்தவுடன் பதினெட்டுப் பேர் படம், நடுவில் உங்கள் படம். உங்களுக்குப் பத்தாம் வகுப்பில் அறிவியல் நடத்தியவள் என்கிற உரிமையில் எனக்குத் ‘தம்பி’ என்றுதான் வாய் வருகிறது. ஆனால் இது ஊர் பார்க்க எழுதும் மடல். அதனால் தலைவர் அவர்களே என்றே வைத்துக்கொள்கிறேன்.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் அன்று வழங்கப்போகும் நலத்திட்ட உதவிகளின் பட்டியல் இருக்கிறது. இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, நூறு பிள்ளைகளுக்கு நோட்டு, ஐம்பது மரக்கன்று, ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் சுத்திகரிப்பு மெஷின். அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். விழா முடிந்து கழுத்தில் அந்தப் பதவிச் சங்கிலி ஏறிவிட்டால், அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாது. போன தலைவரிடமும் அதற்கு முந்தையவரிடமும் முயன்று பார்த்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு மெஷின் இருக்கிறது. உங்கள் சங்கம் கொடுத்ததுதான். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு ஆகஸ்ட் மாதத்தில், சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் வைத்தீர்கள். நல்ல மெஷின், குறை சொல்ல மாட்டேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் எங்கள் பள்ளித் தண்ணீரை ஒரு வாய் குடித்தால் முகம் சுளிப்பார்கள். அதனால் மெஷின் வந்தபோது பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். திறப்பு விழாவுக்கு முதல் டம்ளர் தண்ணீரை அன்றைய தலைவர் குடித்தார், படம் எடுத்தார்கள். மெஷினுக்கு மேலே சுவரில் கருப்பு கிரானைட் கல்வெட்டு பதித்தார்கள். அதில் பதினான்கு பெயர். கல்வெட்டு மெஷினைவிட ஒரு சாண் அகலம் அதிகம்.

அந்த மெஷினுக்குள் முதலில் நூல் சுற்றிய ஒரு வடிகட்டி இருக்கும், வெள்ளையாக, கண்டு போல. மண்ணையும் துருவையும் அதுதான் பிடிக்கும். அடுத்து கரி வடிகட்டி. அதற்கப்புறம்தான் உப்பைப் பிரிக்கும் சவ்வு. நூல் வடிகட்டி எங்கள் தண்ணீருக்கு இரண்டு மூன்று மாதத்தில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அதைக் கழற்றிப் புதிது போட வேண்டும். சில நூறு ரூபாய் சமாசாரம். போடாவிட்டால் மண் அடுத்தடுத்த கட்டத்துக்குப் போகும், கடைசியில் சவ்வு அடைத்துக்கொள்ளும். சவ்வு போனால் ஆயிரக்கணக்கில் செலவு. முதல் வருஷம் கம்பெனி ஆள் வந்து மாற்றினார். வருஷம் முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொன்னார். யார் பெயரில் போடுவது? பள்ளியில் அதற்கென்று தலைப்பு இல்லை. உங்கள் சங்கத்துக்குப் போன் போட்டோம். ‘அது போன தலைவர் ப்ராஜெக்ட் டீச்சர், இந்த வருஷம் எங்க தீம் வேற’ என்று பதில் வந்தது. கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆறு மாதம் என் கையிலிருந்து போட்டேன். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கொஞ்சம் கொடுத்தார்கள். நான் ஓய்வு பெற்ற வருஷம் மெஷின் நின்றது. இப்போது அதன் தலையில் டஸ்டர் காயவைக்கிறார்கள். மெஷின் ஓடிய காலத்தில் வெளியேறிய கழிவுநீர்க் குழாய் ஓரமாக ஒரு வாழை தானாக முளைத்து, குலை தள்ளி, கன்றும் விட்டது. உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே வரும், வாழைக்குக் கேட்கவா வேண்டும். கணக்குப் பார்த்தால் அந்த மெஷினால் அதிகம் பலனடைந்தது அந்த வாழைதான். இப்போது அதுவும் காய்ந்து கிடக்கிறது.

இந்த வருஷம் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு மெஷின். அங்கேயும் ஒரு வாழை வளரும்.

தனிப்பட்ட யாரையும் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. உங்களில் நாலைந்து பேர் என்னிடம் படித்தவர்கள். கடையைப் பூட்டிவிட்டு, சொந்தக் காரில் டீசல் போட்டு, சொந்தப் பணத்தைக் கொடுத்து ஊர் வேலை பார்க்கிறீர்கள். ஊரில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? கோளாறு உங்கள் மனசில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. ஜூலை ஒன்றில் தலைவர் மாறுகிறார். புதுத் தலைவருக்குப் புதுத் திட்டம் வேண்டும். அறிக்கையில் எழுத, மாவட்டக் கூட்டத்தில் காட்ட, ஆண்டு மலரில் போட எல்லாவற்றுக்கும் புதிதாகக் கொடுத்ததுதான் கணக்கு. பழைய மெஷினுக்கு வடிகட்டி மாற்றினேன் என்று எழுதினால் எந்த விருதுக்கு அனுப்புவது? அதனால் ஜூன் முப்பதோடு எல்லாம் அநாதை ஆகிறது. மறுபடி பிறக்கிறது, மறுபடி அநாதை ஆகிறது.

தலைவர் மாறினால் வேலை நின்றுதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. உங்களைப் போன்ற சங்கங்களில் மூத்தது ரோட்டரி. 1905இல் சிகாகோவில் ஆரம்பித்தது. அவர்கள் 1985இல் போலியோவை ஒழிப்பது என்று இறங்கினார்கள். அங்கேயும் வருஷா வருஷம் தலைவர் மாறினார்கள். ஆனால் எந்தத் தலைவரும் ‘போலியோ போன வருஷத்து ப்ராஜெக்ட்’ என்று சொல்லவில்லை. நான் வேலையில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சொட்டு மருந்து முகாமில் உட்கார்ந்து, பிள்ளைகளின் இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்திருக்கிறேன். ரோட்டரிக்காரர்கள் கொடுத்த மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெயிலில் வியர்த்து வழிந்தது ஞாபகம் இருக்கிறது. ‘இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதே சொட்டு மருந்து’ என்று அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. இந்தியாவில் கடைசியாகப் போலியோ வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்று கொடுத்தது. 1985இலிருந்து எண்ணினால் இருபத்தொன்பது வருஷம். இருபத்தொன்பது தலைவர்கள் அதே ஒரு வேலையைச் செய்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் சங்கத்திலேயே ஒரு வேலை அப்படி நடக்கிறது. அதைப் பற்றி உங்கள் ஆண்டு மலரில் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. ஐஸ் பெட்டியைச் சொல்கிறேன்.

நம் பக்கத்து ஊர்களின் நிலைமை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். தெருவை அடைத்து வீடு, முகப்பு, நடு முற்றத்தோடு வளவு, இரண்டாம் கட்டு என்று போய்ப் பின் தெருவில் வாசல். உள்ளே ஒரு ஆச்சியும் சமையலுக்கு ஒரு அம்மாவும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். அந்த வீட்டில் ஒரு சாவு என்றால் பிள்ளை வந்து சேர ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு நாள். அதுவரை ஐஸ் பெட்டி வேண்டும். எங்கள் தெருவில் போன சித்திரையில் ஒரு ஆச்சி இறந்தபோது ராத்திரி இரண்டே கால். என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற அந்தச் சமையல்கார அம்மா என் கதவைத்தான் தட்டினார். நான் உங்கள் உறுப்பினர், இரும்புக்கடை அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார். ‘யாரு, எந்த வீடு, படி எத்தனை இருக்கும்’ என்று மூன்றே கேள்வி. மூன்று மணிக்குக் குட்டி யானை வண்டி வாசலில் நின்றது. அவரே முன்னால் உட்கார்ந்து வந்திருந்தார், லுங்கியோடு. வளவில் பெட்டியை இறக்கி, மட்டம் பார்த்து, ஒரு கால் ஆடியதற்கு அட்டையை மடித்து அடியில் கொடுத்தார். ஒயரைப் போட்டு, அந்த வீட்டுப் பழைய பிளக்கில் நெருப்பு பறந்ததும் தன் கையிலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வேறு அறையிலிருந்து இழுத்தார். ஆச்சியின் தலைமாட்டில் விளக்கு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை என்றதும் சமையல்கார அம்மாவிடம் எண்ணெய் எங்கே என்று கேட்டார்.

எல்லாம் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நீள வாக்கில் பைண்டு பண்ணிய கணக்கு நோட்டு, மேலே பிள்ளையார் சுழி. தேதி, வீடு, பெட்டி போன நேரம், யார் பொறுப்பு, என்ன பழுது என்று கோடு போட்டிருந்தது. என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போடும்போது முன் பக்கங்களைப் புரட்டினேன், வாத்தியார் புத்தி. ‘கேஸ்கெட் மாத்தணும்’, ‘கேஸ் நிரப்பியது’, ‘சக்கரம் ஒண்ணு புதுசு’ என்று பதினொரு வருஷத்துக்கு இருக்கிறது. அந்தப் பதினொரு வருஷத்தில் உங்கள் சங்கத்துக்குப் பதினொரு தலைவர். அவர் ஒருத்தர்தான் மாறாமல் இருக்கிறார். சக்கர நாற்காலி, வாக்கர், தண்ணீர்ப் படுக்கை எல்லாமே அவர் கடையின் பின்கட்டில்தான் கிடக்கின்றன, அதே நோட்டில்தான் வரவு செலவு. தலைவராகச் சொன்னால் வேண்டாம் என்று விடுகிறாராம். தலைவரானால் அந்த ஒரு வருஷம் கூட்டம் கூட்டமாகப் போக வேண்டும், பெட்டியை யார் பார்ப்பது என்றாராம்.

அந்த நோட்டைப் பார்த்த ராத்திரிதான் எனக்கு இந்த யோசனையே வந்தது. அதைச் சொல்வதற்கு முன் இன்னும் இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது.

மரக்கன்று. தயவுசெய்து ஜூலையில் நடாதீர்கள். சிவகங்கைச் சீமையில் ஆடிக் காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கும்போது ஒரு முழக் கன்றை நட்டுவிட்டு வாளித் தண்ணீரோடு படம் எடுத்தால் அது எட்டு நாள் நிற்கும். நமக்குப் பேர் சொல்லும் மழை ஐப்பசி கார்த்திகையில்தான். உங்கள் வருஷம் ஜூலையில் பிறக்கிறது என்பதற்காக மழை முன்னால் வருமா? ஊரணிக் கரையில் போன வருஷம் தோண்டிய குழியிலேயே இந்த வருஷமும் நடுவீர்கள் என்று எங்கள் தெருப் பையன்கள் பந்தயமே கட்டியிருக்கிறார்கள். குழி தோண்டுகிற கூலியாவது மிச்சம்.

ஊரணி என்றதும் இன்னொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரணியைச் சுத்தம் செய்தீர்கள். ஆகாயத்தாமரையை அள்ளி, பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, படித்துறைக்குச் சுண்ணாம்பு அடித்தீர்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் தண்ணீர் வரவில்லை. இந்த ஊர்களைக் கட்டியவர்கள் வளவில் விழும் மழை தெரு வடிகாலுக்கு வந்து, வடிகால் வரத்துக்காலுக்குப் போய், வரத்துக்கால் ஊரணியில் விழும்படி வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். அந்த வரத்துக்கால் இரண்டு இடத்தில் மண்மூடிக் கிடக்கிறது. ஒரு இடத்தில் தார் ரோட்டை உயர்த்தி உயர்த்திக் குழாய் புதைந்துவிட்டது. அது வெளியில் தெரியாத வேலை, ஊராட்சியோடு நாலு நடை நடக்க வேண்டிய வேலை, படத்துக்கும் எடுபடாது. ஆனால் அதைச் செய்திருந்தால் போன மழைக்கே ஊரணி பாதியாவது நிரம்பியிருக்கும்.

அப்புறம் நோட்டுப் புத்தகம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அரசாங்கமே கொடுக்கிறது. நீங்கள் கொடுக்கும் நோட்டைப் பிள்ளைகள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், யார்தான் வேண்டாம் என்பார்கள். ஆனால் பசிக்கு? 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். மதியம் சத்துணவு உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சாயங்காலம் ஆறு வரை சிறப்பு வகுப்பு என்று உட்கார வைக்கிறோமே, அந்த நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. நாலரை மணிக்கு மேல் ஒளிச்சேர்க்கையை விளக்கும்போது முன் பெஞ்சுப் பிள்ளைகளின் வயிறு கத்துவது எனக்கே கேட்டிருக்கிறது. ஒரு கிண்ணம் சுண்டல் போதும். ஜனவரியிலிருந்து தேர்வு வரை, ஒரு பள்ளி, தினம் ஒரு சுண்டல். நூறு நோட்டு வாங்கும் பணத்தை இதற்குத் திருப்பிவிட்டு, மீதி வேண்டியதை உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு நாள் என்று ஏற்றுக்கொண்டால் நடந்துவிடும். ஆனால் தினமும் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம்.

கண் முகாமைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அது உண்மையிலேயே நல்ல வேலை. பஸ் அனுப்பி, மதுரைக்கு அழைத்துப் போய், அறுவை முடித்து, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். நம் பக்கத்தில் எத்தனையோ பேர் மறுபடி ஊசியில் நூல் கோக்கிறார்கள் என்றால் ஆஸ்பத்திரிகளும் உங்களைப் போன்ற சங்கங்களும் சேர்ந்து நடத்தும் இந்த முகாம்களால்தான். ஆனால் ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை என்று ஒன்று இருக்கிறதல்லவா? எங்கள் தெருவில் முறுக்கு சுட்டு விற்கும் அக்கா ஒருத்தி. பச்சைத் துணி போட்ட கண்ணோடு உங்கள் பேனருக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் படம் உங்கள் மலரில் வந்தது. மறுபரிசோதனைக்கு அவள் போகவில்லை. தேதி எழுதிய சீட்டு எண்ணெய்க் கையோடு எடுத்து எடுத்து எழுத்தே தெரியாமல் போயிருந்தது. போக வர ஒரு நாள் வியாபாரம் போகும், துணைக்கு ஆளில்லை, சொட்டு மருந்து தீர்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டாள். நான்தான் பிறகு இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி எழுதி வாங்கி வந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து முதலில் அவள் பார்த்தது தன் முறுக்கு அச்சின் அடியில் இருந்த விரிசலை. ‘இத்தனை நாளு இதுலயா சுட்டேன்’ என்று சிரித்தாள். முகாமுக்குப் போகும்போது ஒரு பஸ், சரி. முப்பது நாள் கழித்து உங்களிடம் இருக்கும் கார்களில் இரண்டு போதுமே.

ரத்த தானத்தில் ஒரே ஒரு வார்த்தை. தேசியத் தன்னார்வ ரத்த தான நாள் என்று அக்டோபர் 1 அன்று கல்லூரிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை காட்டுவதைவிட, அதே பிள்ளைகளை மாதா மாதம் பிரித்து அனுப்புங்கள். சிவப்பணுவைப் பதப்படுத்தி வைத்தாலும் ஐந்தாறு வாரத்துக்கு மேல் தாங்காது, தட்டணு ஐந்தே நாள். ஒரு ஆண் ஒரு முறை கொடுத்தால் அடுத்துக் கொடுக்க மூன்று மாதம் ஆக வேண்டும், பெண்ணுக்கு நாலு மாதம். எல்லோரும் அக்டோபரில் கொடுத்துவிட்டால், கல்லூரி மூடியிருக்கும் மே மாதத்தில் பிரசவத்துக்கு ரத்தம் தேடி ஆட்கள் அலைகிறார்கள். தேதியைப் பிரித்துப் போடுவதற்குப் பணமே வேண்டாம்.

இவ்வளவு சொல்கிறவள் கல்வெட்டை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்கலாம். எனக்குக் கல்வெட்டின் மேல் பகை இல்லை. கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவது இந்தச் சீமைக்குப் புதிதா என்ன? கோயில் தூணிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை பெயர்தான். ஆனால் அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு ஏற்பாடு இருந்தது. தொழிலில் மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்தார்கள். கட்டடம் கட்டினால் அதற்கு விளக்கெரிக்க, வெள்ளையடிக்க, பூசைக்கு, ஆள் சம்பளத்துக்கு நிலமோ முதலோ சேர்த்து எழுதி வைத்தார்கள். காசியில் நகரத்தார் சத்திரம் தொடங்கியது 1813இல். அங்கிருந்து விசுவநாதருக்குப் பூசைச் சாமான் எடுத்துக்கொண்டு ‘சம்போ, சம்போ’ என்று சொல்லிக்கொண்டே சந்து வழியே இன்றைக்கும் தினம் போகிறார்கள். ரயில் இல்லாத காலத்தில் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் யார் யார் என்று கேட்டால் நமக்குத் தெரியாது, சாமான் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

வள்ளல் அழகப்பரையும் பாருங்கள். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மறு வருஷம், 1948 ஜூலை 25, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதற்கு அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பதினெட்டு ஊரில் பதினெட்டுக் கட்டடம் கட்டிப் படம் எடுக்கவில்லை. அதே செம்மண் பொட்டலுக்குத் திரும்பத் திரும்ப வந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். அவர் போய் எத்தனையோ வருஷம் கழித்து, 1985இல், அங்கே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. குன்றக்குடி அடிகளார் கிராமத் திட்டம் போட்டபோதும், ஊரில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேலை தெரியும் என்று முதலில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பிறகுதான் எதைச் செய்வது என்ற பேச்சே.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். செட்டிநாட்டுக் கடைக் கணக்கில் ஐந்தொகை என்று ஒன்று உண்டு, உங்கள் பொருளாளருக்கு அவர் தாத்தா சொல்லிக் கொடுத்திருப்பார். வருஷ முடிவில் என்ன இருக்கிறது, என்ன போயிற்று, யார் தர வேண்டும், யாருக்குத் தர வேண்டும் என்று பேரேட்டைப் புரட்டி இழுத்துக் கட்டும் கணக்கு. உங்கள் சங்கத்துக்கு அப்படி ஓர் ஐந்தொகை போடுங்கள். பண ஐந்தொகை ஆடிட்டர் போடுவார், அது வேறு. நான் சொல்வது நீங்கள் கொடுத்த பொருளின் ஐந்தொகை.

பழைய ஆண்டு மலர்கள் உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும். பத்து வருஷ மலரை எடுங்கள். கொடுத்த ஒவ்வொரு பொருளையும் அந்த இரும்புக்கடை நோட்டு மாதிரி ஒரு நீள நோட்டில் எழுதுங்கள். எங்கே, எப்போது, இப்போது எப்படி. பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை, நாலு நாலு பேராகப் பிரிந்து போய்ப் பாருங்கள். தையல் மெஷின் ஓடுகிறதா, அடகுக் கடையில் இருக்கிறதா. அடகில் இருந்தால் திட்டக்கூடாது, ஏன் என்று கேட்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு நிழற்குடையில் நிழல் இருக்கிறதா. பெண் பிள்ளைகள் கழிப்பறையில் நீங்கள் போட்ட கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா. இதை மட்டும் உங்கள் உறுப்பினர்களின் வீட்டுப் பெண்களை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் போய் நின்றால் பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறது சார் என்றுதான் சொல்லும். எது சரி செய்யக்கூடியதோ அதைச் சரி செய்யுங்கள். எது தேவையில்லை என்று தெரிகிறதோ அதைத் தேவைப்படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஒரு வருஷம் உங்கள் தீம் அதுவாகவே இருக்கட்டும். புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லையே என்று மாவட்டத்தில் யாராவது கேட்டால் அந்த நோட்டைக் காட்டுங்கள். விருது வராது. நான் வேண்டுமானால் ஒரு பொன்னாடை வாங்கி வருகிறேன்.

இனிமேல் எதைக் கொடுத்தாலும் மகமை மாதிரி அதற்கென்று பத்தில் இரண்டு பங்கைத் தனியாக வங்கியில் போட்டுவிடுங்கள். மெஷினுக்கு ஐம்பதாயிரம் ஒதுக்கினால் நாற்பதுக்கு வாங்கி, பத்தை வைத்திருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஆளை மூன்று வருஷத்துக்குப் பொறுப்பாக்குங்கள், தலைவர் யாராக இருந்தாலும் சரி. கல்வெட்டிலும் பதினான்கு பெயரோடு பதினைந்தாவதாக ஒரு வரி வெட்டுங்கள்: பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று. கிரானைட்டில் போன் நம்பர் வெட்ட முடியுமா என்று கேட்டேன், எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலியாம், எண்ணுக்கும் அதே விலைதானாம்.

விழாவுக்கு நான் வருவேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுசும் கேட்பேன், கைதட்டவும் செய்வேன். அதற்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் இருப்பேன். தலைமையாசிரியரிடம் சொல்லியாகிவிட்டது, சாவி சத்துணவு அமைப்பாளரிடம் இருக்கிறது. புது நூல் வடிகட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சவ்வு போய்விட்டதா, இன்னும் ஓடுமா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். அந்த நீல மூடியைக் கழற்ற எனக்குக் கையில் பலம் போதவில்லை. ஸ்பேனரோடு யாராவது இரண்டு பேர் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய அறிவியல் டீச்சர்